குடை சாய்ந்த பிறகு தோண்டுங்கள்

இணையத்தில் ஒரு வகை வீடியோ ஓடுகிறது. கனடாவிலோ நார்வேயிலோ ஒரு வீடு. வீட்டுக்குப் பின்னால் மேட்டுக்குள் குடைந்த ஓர் அறை. கேரட், பீட்ரூட், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் பெட்டி பெட்டியாக ஈர மணலில் அடுக்கிக் கதவைச் சாத்துகிறார்கள். வெளியே பனி கொட்டுகிற மாதமெல்லாம் உள்ளே போய் அள்ளிக்கொண்டு வந்து சூப் வைக்கிறார்கள். பார்க்க எனக்கும் பிடிக்கும். ஆனால் அதைப் பார்த்துவிட்டு நம் ஆட்கள் கேட்கிற கேள்விக்குத்தான் பதில் சொல்லி மாளவில்லை: "கொல்லையில ஒரு பள்ளம் வெட்டி மணலைக் கொட்டி வெச்சா நம்மளுதும் நிக்குமில்ல?"

நிற்காது. அதுவும் ஆரணியில் நிற்கவே நிற்காது.

தரைக்குக் கீழே சில மீட்டர் போனால் வெயிலும் தெரியாது, குளிரும் தெரியாது. அந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பநிலைதான் அங்கே வருஷம் முழுக்க நிற்கும். இங்கிலாந்தில் அது சுமார் 10 டிகிரி செல்சியஸ். பனிக்காலக் காற்றையும் கொஞ்சம் உள்ளே விட்டால், கேரட்டுக்குப் பிடித்த 0 முதல் 4 டிகிரிக்குப் பக்கத்தில் இறங்கிவிடும். நம் வட ஆர்க்காட்டுச் சமவெளியில் அந்தச் சராசரி 28 டிகிரியை ஒட்டி இருக்கிறது. ஆகவே இங்கே நீங்கள் வெட்டப்போவது வெதுவெதுப்பான, ஈரமான, காற்றில்லாத ஒரு குழி. பூஞ்சைக்கு அதைவிட நல்ல வீடு கிடைக்காது.

குளிர் கிடைத்தாலும் நம் கிழங்குகளுக்கு அது ஆகாது என்பது இன்னொரு விஷயம். சர்க்கரைவள்ளியை ஃப்ரிட்ஜில் பத்து நாள் வைத்துவிட்டு வேகவைத்துப் பாருங்கள். ஓரமெல்லாம் குழைந்தும் நடுவில் கெட்டியாக நிற்கும். எத்தனை விசில் விட்டாலும் இளகாது. 12 டிகிரிக்குக் கீழே போனாலே அதற்கு உள்காயம். கருணை, சேப்பங்கிழங்கு எல்லாமே வெப்ப நாட்டுப் பிறவிகள். கேரட்டுக்குச் சொன்ன வைத்தியத்தை இவற்றுக்குச் செய்தால் நோயாளி பிழைக்க மாட்டான்.

நமக்குத்தான் பனிக்காலமே இல்லையே, அப்புறம் எதற்குச் சேமிக்கிறது என்று கேட்பீர்கள். மார்கழிப் பனி நம் கொல்லையைக் கொல்வதில்லை. அவரை, முள்ளங்கி, கத்திரி என்று பந்தலும் பாத்தியும் நிறைந்து கிடப்பதே அப்போதுதான். நம் கொல்லை செத்துப் போவது பங்குனிக்கு மேல். கிணற்றில் தண்ணீர் இறங்கி, வெயில் நாற்பதைத் தாண்டி, அக்னி நட்சத்திரம் முடிகிற வரைக்கும் வெண்டைக்காய்ச் செடிகூடத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கும். எதுவும் விளையாத காலத்தைத்தான் குளிர்காலம் என்று அந்த ஊர்க்காரர்கள் பயந்தார்கள் என்றால், நம் குளிர்காலம் சித்திரையில் வருகிறது.

இந்த ஊருக்கு இரண்டாவதாக ஒன்றும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை அடைமழை. ஆரணி என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பட்டும் அரிசியும் நினைவுக்கு வரும். பட்டு நெய்கிறவர்கள் வீட்டில் அந்த இரண்டு மாதம் எப்படிப் போகும் என்பது அவர்களுக்குத் தெரியாது. தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி போட முடியாது. சாயம் போட்ட நூல் காயாது. தரையில் தோண்டிய தறிக்குழிக்குள் ஊற்றெடுத்துத் தண்ணீர் நிற்கும். காலை எங்கே வைத்து மிதி மிதிக்கிறது? சேலை இறங்கினால்தான் கூலி. தறி நின்றால் அடுப்பிலும் சுருக்கம்தான். அதனால் எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் சேமிப்புக்கு இரண்டு கெடு இருந்தது. தையில் தோண்டியது வெயில் காலத்துக்கு. அந்த வெயிலில் காயவைத்தது மழைக் காலத்துக்கு.

இப்போது கிழங்குக்கு வருகிறேன். முதலில் கருணை, ஏனென்றால் எனக்கு அதன்மேல்தான் பாசம்.

நான் சொல்வது பெரிய கருணை. தெற்கே சேனை என்பார்கள். ஒரே தண்டு, மேலே விரித்த குடை மாதிரி ஓர் இலை. சித்திரை, வைகாசியில் நட்டால் எட்டு மாதம் எடுக்கும். மார்கழியில் இலை பழுத்து, தண்டு துவண்டு, ஒரு நாள் காலையில் பார்த்தால் அப்படியே படுத்திருக்கும். எங்கள் ஆயா அதற்கு முன்னால் மண்ணில் கடப்பாரை வைக்க விடமாட்டாள். "இன்னாடா அவசரம்? கொடை சாயட்டும்" என்பாள். பொங்கல் குழம்புக்கு வேண்டும் என்று கெஞ்சினால் ஒன்றே ஒன்று தோண்டிக்கொள்ள அனுமதி கிடைக்கும்.

அவள் பிடிவாதத்தில் நல்ல தாவரவியல் இருந்தது. கிழங்கு என்பது செடி தனக்காகக் கட்டி வைத்திருக்கும் இருப்பு. வறண்ட மாதங்களை மண்ணுக்குள் தூங்கிக் கழித்துவிட்டு, கோடை மழை விழுந்ததும் அந்த இருப்பைச் செலவழித்து முளைக்க வேண்டும் என்பது அதன் திட்டம். இலை பழுக்கும் கடைசி வாரங்களில்தான் மேலே இருக்கிற சத்தெல்லாம் கீழே இறங்கும்; தோல் முற்றும்; உறக்கம் தொடங்கும். அந்த உறக்கம் மூன்று நான்கு மாதம் நிற்கும். தையில் தோண்டிய கருணை சித்திரை வரை சும்மா கிடப்பதற்கு நம் சாமர்த்தியம் காரணம் இல்லை. நாம் செய்ய வேண்டியதெல்லாம் அதன் தூக்கத்தைக் கெடுக்காமல் இருப்பது.

கெடுப்பது மூன்று விஷயம்: காயம், ஈரம், குவியல்.

கடப்பாரையைத் தண்டுக்கு ஒரு முழம் தள்ளிக் குத்தி, மண்ணை நெம்பித் தளர்த்தி, கையால் எடுங்கள். மண்வெட்டி வாய் பட்டுச் சிராய்த்த கிழங்கு எவ்வளவு பெரிசானாலும் அன்றைக்கே அடுப்புக்குப் போக வேண்டியது, பரணுக்குப் போகக்கூடாது. எடுத்ததைக் கழுவக் கூடாது. இதைச் சொன்னால் பல பேர் முகம் சுளிக்கிறார்கள். வீட்டுக்குள் மண்ணா! ஆமாம், மண்தான். காய்ந்த மண் தானே உதிரும். கழுவினால் வேர் முடிச்சுகளுக்குள் நீர் தங்கி அங்கேதான் முதலில் அழுகும். நிழலில், காற்றோட்டமான தாழ்வாரத்தில், ஒரு வாரம் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி வையுங்கள். எடை கொஞ்சம் குறையும். குறையட்டும். தொட்டால் தோல் காகிதம் போல உலர்ந்திருக்க வேண்டும். வெட்டுக்காயம் தவிர்க்க முடியாமல் பட்டிருந்தால் அதில் அடுப்புச் சாம்பலைத் தேய்த்துவிடுங்கள்.

அடுத்தது எங்கே வைப்பது. இங்கேதான் ஆரணிக்காரர்களுக்கு ஓர் அனுகூலம். அரிசி ஆலைகள் நிறைந்த ஊர், உமிக்குப் பஞ்சமில்லை. மணல் ஈரத்தைப் பிடித்து வைக்கும், கனமும் அதிகம். கமண்டல நாகநதியில் போய் மணல் அள்ளுகிற காலமும் போய்விட்டது. உமி உலர்ந்தது, லேசானது, இடையில் காற்று ஓடும். பரணில் அல்லது மரப் பலகையில் இரண்டு விரல் உமி, அதன்மேல் ஒரே அடுக்காகக் கருணை, குருத்துக் குழி மேலே பார்த்தபடி. இடைவெளியில் உமி. அவ்வளவுதான். ஒன்றின்மேல் ஒன்று ஏற்றாதீர்கள். கிழங்கும் மூச்சு விடுகிறது. குவித்தால் நடுவில் சூடும் ஈரமும் சேர்ந்து, ஒன்று அழுகினால் அடியில் இருப்பதெல்லாம் சேர்ந்து போகும். தவிடு ஒட்டிய உமியை வாங்காதீர்கள், எறும்பும் பூச்சியும் வரும். சிமெண்ட் தரையில் நேராக வைக்காதீர்கள். பாலித்தீன் பை பற்றிப் பேசவே வேண்டாம்.

வாரத்துக்கு ஒரு முறை ஏறி மோந்து பாருங்கள். கண்ணைவிட மூக்குதான் முதலில் சொல்லும். மாவுப்பூச்சி வெள்ளையாகப் பஞ்சு போல ஒட்டியிருந்தால் பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுத்துவிட்டு அந்தக் கிழங்கைத் தனியே வையுங்கள். பெருச்சாளிக்கு என்னிடம் மருந்து இல்லை. பரண் கம்பிவலை அடித்ததாக இருக்க வேண்டும் அல்லது வீட்டில் நல்ல பூனை இருக்க வேண்டும்.

காத்திருந்ததற்குச் சமையலில் பலன் உண்டு. கருணையின் அரிப்புக்குக் காரணம் அதன் திசுவுக்குள் ஊசி ஊசியாக இருக்கும் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள். புதிதாகத் தோண்டியது நாக்கைப் பிடுங்கும். வைத்திருந்தது சாதுவாகும் என்பது இந்தப் பக்கத்துச் சமையல்கட்டுகளின் தீர்ப்பு. கடையில் வாங்கும்போது "பழசா?" என்று கேட்டு வாங்கும் ஒரே காய்கறி இதுவாகத்தான் இருக்கும். அரிசி கழுவிய நீரில் வேகவிட்டு, புளியைத் தாராளமாகக் கரைத்து ஊற்றினால் மிச்ச அரிப்பும் அடங்கும். இப்போது கஜேந்திரா என்ற ரகம் பரவிவிட்டது. ஆந்திரத்தில் கொவ்வூர் ஆராய்ச்சி நிலையத்தில் வந்தது. அரிப்பு குறைவு, கிழங்கு பெரிசு. நாட்டுக் கருணைக்கு இருக்கும் மாவுத்தன்மை அதில் இல்லை என்பது என் கட்சி. அதை நிரூபிக்க என்னிடம் குழம்பைத் தவிர ஒன்றும் இல்லை.

சர்க்கரைவள்ளி நேர் எதிர் குணம். கருணைக்குத் தடித்த தோல். இதற்கு நகம் பட்டாலே காயம். நட்டு மூன்றரை, நாலு மாதத்தில் இலை மஞ்சளடிக்கும். சந்தேகமிருந்தால் ஒரு கிழங்கைத் தோண்டிக் கத்தியால் வெட்டி வைத்துப் பாருங்கள். வெட்டிய முகம் வெளுப்பாகவே காய்ந்தால் முற்றிவிட்டது. கரும்பச்சையாகக் கறுத்தால் இன்னும் பிஞ்சு, மூடிவிட்டுப் போங்கள்.

தோண்டிய பிறகு இதற்கு வேண்டியது சூடும் ஈரமும். உடனே உலர்த்தினால் காயம் காயமாகவே சுருங்கி அதன் வழியாக அழுகல் நுழையும். 30 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில், ஈரப்பதமான காற்றில் ஐந்தாறு நாள் வைத்தால் காயம்பட்ட இடத்தில் தக்கை போலப் புதுத் தோல் கட்டும். மேல்நாட்டில் இதற்கென்று ஹீட்டர் வைத்த அறை கட்டுகிறார்கள். நமக்குத் தை மாதத் தாழ்வாரமும் நனைத்துப் பிழிந்த இரண்டு கோணிச் சாக்கும் போதும். கிழங்கின்மேல் சாக்கு நேராகப் படாமல், மூங்கில் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் போர்த்துங்கள். தோல் கட்டியபின் சாக்கை எடுத்துவிட்டு நிழலில் பரப்பினால் ஓரிரு மாதம் தாங்கும். அதற்குள் மாவு சர்க்கரையாக மாறி இனிப்பும் கூடியிருக்கும். தோண்டிய அன்றே அவித்துத் தின்றுவிட்டு "இனிப்பே இல்ல, சப்புனு இருக்கு" என்கிறவர்கள் அந்த ருசிக்குக் காத்திருக்காதவர்கள்.

கூன்வண்டு துளைத்ததை மட்டும் சேமிக்கவே கூடாது. சின்னத் துளை, உள்ளே கரிய சுரங்கம், கசந்த நெடி. அந்தப் பகுதியை வெட்டிவிட்டு மீதியைச் சமைக்கலாம் என்று நினைக்காதீர்கள். வண்டு கடித்ததும் கிழங்கு தன்னைக் காத்துக்கொள்ள நச்சுப் பொருளைச் சுரக்கிறது, மாட்டுக்கும் ஆகாது. செடி வளரும்போதே மண் வெடிப்பு விடாமல் அணைத்துக்கொண்டே வந்தால் வண்டுக்குக் கீழே இறங்க வழி இருக்காது.

சேப்பங்கிழங்கைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. தாய்க்கிழங்கை விட்டு விரல்களை முறித்து எடுத்து, இரண்டு நாள் ஆறவிட்டு, உலர்ந்த மணலில் வைத்தால் பங்குனி வரை வரும்.

இங்கே தறிக்குழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கூடத்தில் ஒன்று இருக்கிறது. குழித்தறி எடுத்துப் பல காலம் ஆயிற்று, மேலே பலகை போட்டு மூடியிருக்கிறோம். பட்டு இழை வறண்ட காற்றில் அறுந்துகொண்டே இருக்கும், தரையோடு ஒட்டிய ஈரம் அதற்கு இதம். குழித்தறி இத்தனை தலைமுறை நின்றதற்கு அது ஒரு காரணம். பட்டுக்கு இதமானது கிழங்குக்கும் இதம் என்று நினைக்கத் தோன்றும். ஊரில் காலியான தறிக்குழி வைத்திருக்கிறவர்கள் பலர் இருப்பதால் சொல்கிறேன்: கருணைக்கு அது சுடுகாடு. மேலே ஏற்ற வேண்டியதைக் கீழே இறக்காதீர்கள். முள்ளங்கி, வாழைத்தண்டு மாதிரி நீர் வற்றினால் வாடுகிற காய்களை இரண்டு மூன்று நாள் வைத்து எடுக்க அது நல்ல இடம். ஐப்பசி வருவதற்குள் காலி செய்துவிட வேண்டும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்தபோது எங்கள் மாவட்டம் முழுக்கக் கொட்டிய மழையில், தரையில் இருந்த குழி எதுவும் குழியாக இருக்கவில்லை. கொல்லையிலும் நீர் நின்று, அந்தத் தையில் தோண்டிய கருணை பாதிக்கு மேல் அடிப்பக்கம் கூழாகியிருந்தது. மேலே பார்த்தால் தெரியாது. பாத்தியை மேடாக்கி நடுவது அழகுக்கு இல்லை.

மரவள்ளி எல்லாவற்றிலும் மோசம், எல்லாவற்றிலும் சமர்த்து. பிடுங்கி இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலமும் கறுப்புமாகக் கோடு ஓடிவிடும். உமியும் காப்பாற்றாது, பரணும் காப்பாற்றாது. ஆகவே அதன் கிடங்கு மண்தான். செடியை அப்படியே விட்டுவிட்டு வேண்டும்போது ஒரு தூரைப் பிடுங்கிக்கொள்ளலாம். சில மாதம் வரை பொறுக்கும், அதற்கு மேல் நாரோடும். அல்லது காயவைக்க வேண்டும். கேரளத்தில் சீவி, அரை வேக்காடு வேகவிட்டு, வெயிலில் உலர்த்தி மூட்டை கட்டி வைக்கிறார்கள். 1942-ல் ஜப்பானியர்கள் பர்மாவைப் பிடித்து அங்கிருந்து அரிசி வருவது நின்றபோது திருவிதாங்கூரில் பல வீடுகளைக் காப்பாற்றியது மரவள்ளிதான். கிழங்கு ஆராய்ச்சிக்கென்றே மத்திய அரசு 1963-ல் ஒரு நிறுவனம் தொடங்கியபோது அது திருவனந்தபுரத்தில் அமைந்தது பொருத்தம்தான்.

நாமும் காயவைத்த மரவள்ளியை வருஷம் முழுக்க வீட்டில் வைத்திருக்கிறோம், பெயர் மாற்றி. ஜவ்வரிசி. சேலத்தில் 1981-ல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியதிலிருந்து அந்த வியாபாரத்துக்கு ஓர் அமைப்பே உண்டு. கொல்லையில் நாலு தூர் வைத்திருக்கிறவர்கள் ஜவ்வரிசி வரைக்கும் போக வேண்டாம். கிழங்கைத் தோலுரித்துத் துருவி, பச்சை மிளகாயும் உப்பும் பெருங்காயமும் சேர்த்து அரைத்து, தட்டில் மெல்லிசாகத் தேய்த்து ஆவியில் வேகவைத்து எடுத்து மாடியில் காயப்போடுங்கள். அக்னி வெயிலுக்கு நாம் நன்றி சொல்லும் ஒரே இடம் அது. காக்காய் விரட்டப் பிள்ளைகளை உட்காரவைத்தால் பாதி வடகம் ஈரமாகவே அவர்கள் வயிற்றுக்குப் போகும், அந்தச் சேதத்தைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். மிச்சம் தகர டின்னில் கிடந்து, கார்த்திகை மழையில் ரசம் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வரும்.

இதில் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள் யாழ்ப்பாணத்தார். நமக்குப் பனங்கிழங்கு என்றால் பொங்கலுக்கு அவித்து, நாரை இழுத்துத் தின்றுவிட்டுக் கை கழுவுகிற பண்டம். ஆரணி சுற்றுப்பக்கத்தில் ஏரிக்கரையெல்லாம் பனை நின்றும் அதற்கு மேல் நாம் யோசித்ததில்லை. அவர்கள் பச்சையாகக் கிழித்துக் காயவைத்து ஒடியல் என்பார்கள். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஒடியலை இடித்த மாவு ஆண்டு முழுக்க வீட்டில் இருக்கும். அதில் மீனும் நண்டும் போட்டுக் காய்ச்சும் கூழுக்காக உயிரை விடுகிற நண்பர்கள் எனக்கு உண்டு. நம் சித்திரை வெயிலுக்குப் பனங்கிழங்கு நாலைந்து நாளில் முறிக்கிற பதத்துக்கு வந்துவிடும். யாராவது தொடங்கலாம்.

சித்திரையில் பரணில் மிச்சமிருக்கும் கருணையைப் பார்த்தால் நடுக்குழியில் இளஞ்சிவப்பாக முளை தள்ளியிருக்கும். தூக்கம் கலைந்துவிட்டது, இனி அதை வைத்திருக்க முடியாது. முளை பெருத்ததைக் குழம்பில் போட்டால் வேகும், ருசி இருக்காது. விதைக்கு வைத்துக்கொள்ளுங்கள். சிறியதை முழுசாக, பெரியதை ஒவ்வொரு துண்டிலும் நடுமுளையில் கொஞ்சம் வருகிற மாதிரி முக்கால் கிலோ, ஒரு கிலோத் துண்டாக வெட்டி, கெட்டியாகக் கரைத்த சாணிப்பாலில் முக்கி நிழலில் ஆறவிடுங்கள். இரண்டடிச் சதுரம், ஒன்றரை அடி ஆழம், குழிக்குக் குழி மூன்றடி. தொழுவுரம் போட்டு முளை மேலே பார்க்க வைத்து மூடினால் முதல் கோடை மழைக்கு எழுந்துவிடும். பரணில் இருந்த பழைய உமியை அடுத்த தைக்கு என்று எடுத்து வைக்காதீர்கள், பூச்சி ஏறியிருக்கும். அதையும் குழியிலேயே கொட்டுங்கள். ஆலையில் புதுசு கிடைக்கும்.